டொக்டர் ஏசவில்லை

அவர் என்னோடு கதைத்த முதல் வார்த்தையே ஏச்சுத்தான். வேலைக்குச் சேர்ந்த அன்று காலை, கஞ்சி போட்டு விறைத்த வெள்ளைச் சட்டையோடு அவருடைய அறை வாசலில் நின்றேன். உள்ளே அவர் பனையால் விழுந்த ஒருவரின் தோள்மூட்டை இழுத்துப் பொருத்திக்கொண்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "உதிலை ஏன் படம் எடுக்க நிக்கிற மாதிரி நிக்கிறீர்? வந்து காலைப் பிடியும்" என்றார். யாருடைய காலை என்று கேட்டுவிட்டேன். "என்ரை காலைப் பிடிச்சு என்ன காணப் போறீர்? அந்தாளின்ரை காலைப் பிடியும்!" பனையால் விழுந்தவர் அந்த நோவிலும் சிரித்தார். எனக்கோ அழுகை வந்தது. நல்ல இடத்தில் வந்து மாட்டிக்கொண்டேன் என்று கோப்பாயிலிருந்த அம்மாவை நினைத்துக்கொண்டு காலைப் பிடித்தேன்.

அது வடகரையில், கடலுக்கும் வெங்காயத் தோட்டங்களுக்கும் நடுவில் இருந்த ஒரு சின்ன அரசாங்க ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். அறுபதுகளில் அங்கே வந்து படுத்தவர்களுக்குச் சொல்லாமலே விளங்கும். நேர்ஸ் வேலைக்கு நாங்கள் மிஸிமார் சிலர் இருந்தோம். டொக்டர் என்றால் அவர் ஒருவர்தான். திருக்கை முள் குத்தியவர், பாம்பு கடித்தவர், கிணற்றுக்குள் விழுந்தவர், பிள்ளை பெற முடியாமல் அந்தரப்பட்டவர் எல்லாரும் இரவு பகல் என்றில்லாமல் அவரிடம்தான் வந்தார்கள். ஆபத்தான ஆளை ஏற்றிவரும் வாடகைக் கார் ஹோணை விடாமல் அமத்திக்கொண்டு வரும். முன்சீட்டில் இருப்பவர் கைக்குட்டையாக வைத்திருக்கும் வெள்ளை லேஞ்சியை விரித்து ஜன்னலுக்கு வெளியே பிடித்திருப்பார். தெருவில் வண்டில், சைக்கிள் எல்லாம் அதைக் கண்டு ஒதுங்கும். அந்தச் சத்தம் காதில் விழுந்தால் டொக்டர் எதிரே இருந்த குவாட்டர்ஸிலிருந்து றோட்டைக் கடந்து ஓடி வருவார். ஓடி வரும்போதே ஏச்சும் தொடங்கிவிடும்.

ஒருநாள் சவரத்துக்கு இருந்த கதிரையிலேயே நித்திரையாகிவிட்டார். ஹோண் கேட்டதும் ஒரு கன்னத்தில் நுரையோடு எழும்பி ஓடி வந்தார். வந்தவர் பின்னேரம் வரை திரும்பிப் போகவில்லை. பாதி தாடியும் பாதி மழித்த முகமுமாக அவர் நின்று ஏசியதை, வைத்தியத்துக்கு வந்த வருத்தக்காரர் சிரிக்காமல் கேட்கவேண்டியிருந்தது. சிரித்தால் அதற்கும் சேர்த்து விழும்.

சொல்லக் கூடாது, ஆனாலும் சொல்கிறேன், அந்த ஏச்சைக் கேட்பதற்கென்றே நான் அவர் பக்கத்தில் நிற்பதுண்டு. புத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒருவரைப் பாம்பு கடித்துக் கொண்டுவந்தார்கள். கடித்தது காலையில். ஊர் முழுவதும் சுற்றி, பார்வை பார்த்து, வேர் கட்டி, எல்லாம் முடிந்து எங்களிடம் வந்தது பின்னேரம். டொக்டர் ஊசியை ஏற்றிக்கொண்டே கேட்டார். "காலமை கடிச்சது. இப்ப வாறாய். இவ்வளவு நேரமும் என்ன, பாம்போடை இருந்து ஊர்க்கதை கதைச்சனியோ? தலைக்குள்ளை என்ன வைச்சிருக்கிறாய், பிண்ணாக்கோ?" அந்த மனிதர் கண் சொருகின நிலையிலும், "ஓம் ஐயா" என்றார். வெளியே வாங்குப் பலகையில் இருந்த அவருடைய மனைவிக்கு இது கேட்டது. "அப்பாடா, ஏசுறார்" என்று சொல்லிவிட்டு, அவ முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டா.

ஏன் அப்பாடா என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. பிறகுதான் விளங்கியது. டொக்டர் எல்லாரையும் ஏசுவார், சாகப் போகிறவர்களைத் தவிர. தப்பமாட்டார் என்று தெரிந்துவிட்டால் அவருடைய குரல் இறங்கிவிடும். கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து, "அப்பு, நோகுதோ? கொஞ்சம் பொறுங்கோ, இப்ப சரியாயிடும்" என்று கையைத் தடவிக் கொடுப்பார். இதை ஊர் கவனித்து வைத்திருந்தது. அதனால் உள்ளே போய்வந்த ஆளிடம் வெளியே நிற்பவர்கள் என்ன வருத்தம், என்ன மருந்து என்று கேட்பதில்லை. "ஏசினாரோ?" என்றுதான் கேட்பார்கள். ஏசினார் என்றால் நிம்மதி. நல்லாக ஏசினார் என்றால் நாளைக்கே வீட்டுக்குப் போகலாம்.

மயிலிட்டியில் ஒரு சம்மாட்டியார் இருந்தார். சொந்தமாக வள்ளங்களும் வலைகளும் வைத்திருந்த பெரிய மனிதர். கடற்கரையில் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. அவருக்குச் சலரோகம். காலில் ஒரு புண் மாறுவதும் வருவதுமாக இருந்தது. சீனி போட்ட தேத்தண்ணியை விட மாட்டேன் என்று நின்றதற்காக டொக்டர் அவரை ஒருநாள் "எருமை" என்றுவிட்டார். நாங்கள் எல்லாரும் நடுங்கிப் போனோம். சம்மாட்டியாரோ வெளியே வந்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "இண்டைக்கு என்னை எருமை எண்டவர்" என்று வாங்கில் இருந்தவர்களுக்குச் சொன்னார். ஏதோ பட்டம் வாங்கின மாதிரி ஊரெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு திரிந்தார்.

இப்படிப்பட்ட மனிதரை ஊர் விடுமா? இரண்டு தரம் அவருக்கு இடமாற்றம் வந்தது. இரண்டு தரமும் கடற்கரை ஆட்களும் தோட்டக்கார ஆட்களும் சேர்ந்து போய் எம்.பி.யின் வாசலில் குந்தி அதை ரத்துச் செய்வித்தார்கள். ஒரு வாங்கில் சேர்ந்து இருக்காத ஆட்கள், இந்த ஒன்றுக்கு மட்டும் ஒரே லொறியில் ஏறிப் போனார்கள். வந்து சொன்னபோது டொக்டர், "உங்களுக்கெல்லாம் வேறை வேலை வெட்டி இல்லையோ? நான் போனா இன்னொருத்தன் வருவான்தானே!" என்று பாய்ந்தார். ஆனால் அன்று முழுவதும் அவர் மீசைக்குள் ஒரு சிரிப்பு இருந்தது. அந்தச் சிரிப்பைப் பார்த்து ஊரும் ஏமாந்தது, நானும் ஏமாந்தேன். அவருடைய மனைவி மட்டும் ஏமாறவில்லை. "இவர் ஒரு சாப்பாட்டையும் சூட்டோடை சாப்பிட்டதை நான் கண்டதில்லை, மிஸி" என்று அவ என்னிடம் ஒருமுறை சொன்னா. நான் சிரித்துவிட்டு இருந்துவிட்டேன்.

பிறகு வந்ததுதான் அந்தக் கலியாணக் கார்.

நல்ல வெயில் நேரம். ஹோண் சத்தம் விடாமல் கேட்டது. பார்த்தால் ஒரு பழைய கார் எங்கள் வாசலால் திரும்பி உள்ளே வருகிறது. ஜன்னலுக்கு வெளியே வெள்ளையாக ஒன்று பறக்கிறது. டொக்டர் முழுவிரைவில் ஓடி, கார் நிற்கும் முன்னமே கதவைத் திறந்தார். உள்ளே ஒரு பெடியன், வேர்த்து ஒழுகி, முகம் வெளிறி, நாக்கு வறண்டு இருந்தான். டொக்டர் அவன் கையைப் பிடித்து நாடி பார்த்தார். கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். "நாக்கை நீட்டு. எப்ப துவங்கினது?" என்றார்.

"பேசி முடிச்சு ஒரு மாசம், ஐயா" என்றான் அவன்.

"ஒரு மாசமோ! ஒரு மாசமா வைச்சுக்கொண்டு இருந்திட்டு இப்பவோ கொண்டு வாறியள்?"

அப்போதுதான் நான் அவன் தலையிலிருந்த தலைப்பாகையைப் பார்த்தேன். ஜன்னலில் பறந்தது மாப்பிள்ளைத் தோழனின் சால்வை. தாலி கட்டப் போகிற வழியில் காருக்குத் தண்ணீர் கொதித்துவிட்டதாம். எங்கள் கிணற்றில் ஒரு வாளி அள்ளத் திரும்பியிருக்கிறார்கள். வாசலில் படுத்திருந்த ஆட்டை எழுப்பத்தான் ஹோண். நான் மெதுவாக, "டொக்டர், மாப்பிளை" என்றேன். அவர் மாப்பிள்ளையின் கையை விடாமல் கொஞ்ச நேரம் அப்படியே பார்த்துக்கொண்டு நின்றார். "சரி, போ. நாடி ஓடுற ஓட்டம் சரியில்லை, போய்க் கெதியா கட்டு" என்றுவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஊர் ஒரு மாதம் வயிறு நோகச் சிரித்தது. நானும் சிரித்தேன், ஏன் பொய் சொல்லவேண்டும்? அவர் மட்டும் சிரிக்கவில்லை. சிரிக்காமல் ஒருநாள் என்னிடம், "மிஸி, பட்டு வேட்டியும் தலைப்பாகையும் கண்ணிலை படேல்லை. எல்லாரும் எனக்கு வருத்தக்காரராத்தான் தெரியினம்" என்றார். லீவு எடுங்கோ என்றேன். "ஆர் பார்க்கிறது, நீரோ?" என்று ஏசினார். தனக்குப் பதிலாக ஒரு டொக்டரை அனுப்பச் சொல்லிக் கேட்டிருந்தார். ஆள் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஏசினார்தானே என்று நான் பேசாமல் போய் ஊசிகளை அவிக்கப் போட்டேன்.

எங்கள் பக்கத்தில் கிணறு வெட்டுவதென்றால் கல்லுக்கு வெடி வைக்கவேண்டும். அந்த வருசக் கோடையில் அப்படி வைத்த வெடி ஒன்று நேரத்துக்கு முன்னமே வெடித்துவிட்டது. கிணற்றுக்குள் நின்ற அண்ணன் தம்பி இருவரையும் ஒரே காரில் போட்டுக்கொண்டு வந்தார்கள். டொக்டர் இருவருக்கும் நடுவில் நின்றார். தம்பிக்குத் தையல் போடும்போது, "உனக்கு வெடி வைக்கத் தெரியுமெண்டு ஆரடா சொன்னது? மூளை கெட்டவனே, அசையாதை!" என்று கத்தினார். பிறகு மற்றப் பக்கம், அண்ணனிடம் திரும்பினார். குரல் இறங்கிவிட்டது. "நான் இஞ்சை நிக்கிறன். பயப்படாதையும், ராசா."

நான் பஞ்சு எடுக்க வெளியே வந்தேன். தாய் கதவடியில் நின்றா. என் சட்டையைப் பிடித்துக்கொண்டா.

"மிஸி, ஏசினாரோ?"

"சின்னவனை நல்லா ஏசினவர், அம்மா."

"பெரியவனை?"

நான் பஞ்சுப் பெட்டிப் பக்கம் திரும்பினேன். அவ என் சட்டையை விட்டுவிட்டு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டா. அந்தக் கையின் இழுவை இன்றைக்கும் என் தோளில் இருக்கிறது.

பெரியவன் போய்விட்டான். டொக்டர் கையைக் கழுவினார். கழுவிக்கொண்டே நின்றார். வாளித் தண்ணீர் முடிந்த பிறகும் நின்றார். அடுத்ததாக ஒருவர் தொண்டையில் மீன் முள்ளோடு வந்தார். வாய் நிறையச் சோற்றை உருட்டி விழுங்கி, அதை இன்னும் உள்ளே தள்ளிவிட்டு வந்திருந்தார். மற்ற நாளென்றால் அந்த ஏச்சு கடற்கரை வரை கேட்டிருக்கும். டொக்டர் கதிரையைக் காட்டினார். "இருங்கோ ஐயா. வாயைத் திறவுங்கோ. நோகுதெண்டா சொல்லுங்கோ." முள்ளை எடுத்தார். "சரி ஐயா, போயிட்டு வாங்கோ" என்றார்.

அந்த மனிதர் வெளியே வந்தபோது முகத்தில் இரத்தம் இல்லை. "மிஸி, என்னை ஐயா எண்டவர்" என்றார். முள் வந்துவிட்டது, ஒன்றுமில்லை, போங்கோ என்று நான் சொன்னதை அவர் கேட்கவில்லை. வீட்டுக்குப் போய்ப் பாயை விரித்துப் படுத்து, கண்டிக்கு வேலைக்குப் போயிருந்த மகனுக்குத் தந்தி அடிப்பித்துவிட்டார். மகன் லீவு போட்டு அழுதுகொண்டு வந்து இறங்கும்போது, தகப்பன் தின்று குடித்துச் சுகமாக இருந்தார்.

அந்தக் கிழமை ஏழு நாளும் இதே கூத்துத்தான். டொக்டர் எல்லாரையும் "வாங்கோ", "இருங்கோ" என்றார். சளித் தடிமனுக்கு வந்தவர்கள் கண் கலங்கித் திரும்பிப் போனார்கள். ஒரு கிழவி, தன்னுடைய தோட்டை மகளுக்குக் கழற்றிக் கொடுத்துவிட்டாவாம். நான் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் திரிந்தேன். ஒரு பின்னேரம் அவருடைய மனைவி வேலியடியில் நின்று என்னைக் கூப்பிட்டா.

"மிஸி, ஆஸ்பத்திரியிலை இவர் ஏசுறவரோ?"

"இல்லை அக்கா."

"வீட்டிலையும் இல்லை. நேற்று வேணுமெண்டு கறிக்கு உப்பை அள்ளிப் போட்டன். நல்லாயிருக்கெண்டு சாப்பிட்டிட்டுப் போறார்." சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவ அழத் தொடங்கிவிட்டா.

அடுத்த நாள் நான் தேத்தண்ணியைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்துவிட்டு, போகாமல் நின்றேன். அவர் கோப்பையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "மிஸி, எனக்கு ஒண்டும் வருகுதில்லை. கோவம் வருகுதில்லை. அந்தப் பெடியன் செத்ததுக்கு அழுகையும் வரேல்லை. கை மட்டும் வேலை செய்யுது. ஒருநாளைக்கு அதுவும் பிழைக்கும். அப்ப ஆரோ ஒரு பிள்ளை சாகும்." கிணற்று வெடியால்தான் டொக்டர் இப்படி ஆனார் என்று ஆட்கள் இன்றைக்கும் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். வருசக்கணக்காக நாங்கள் எல்லாரும் அந்த மனிதரை ஓட ஓட வேலை வாங்கிவிட்டு, ஏச்சைக் கேட்டு ரசித்துக்கொண்டு இருந்தோம். அதுதான் நடந்தது.

இந்தமுறை அவராகவே மாற்றம் கேட்டு எழுதினார். பள்ளிக்கூடங்களுக்குப் போய்ப் பிள்ளைகளின் பல்லும் காதும் கண்ணும் பார்க்கிற டொக்டர் வேலை. "அங்கை ஒருத்தரும் சாகிறேல்லை" என்று அவருடைய மனைவி கையெடுத்துக் கும்பிட்டா. மாற்றம் வந்தது. ஆனால் அது ஊருக்குத் தெரிய எவ்வளவு நேரம் வேண்டும்? காலையில் வாசலில் சனம் கூடிவிட்டது. கடற்கரையும் வந்தது, தோட்டமும் வந்தது. லொறி தயாராக நின்றது. எம்.பி. மாட்டேன் என்றால் ஆஸ்பத்திரி வாசலில் படுப்பது என்றுகூடப் பேசி வைத்திருந்தார்கள். எல்லாருக்கும் முன்னால் சம்மாட்டியார், காலில் பழந்துணிக் கட்டோடு.

அவர்கள் கேட்டால் நடக்கும். முன்னம் இரண்டு தரம் நடந்தது. இந்தமுறையும் நடந்தால் டொக்டர் இந்தக் கட்டடத்துக்குள்ளேயே முடிந்துபோவார் என்று எனக்குத் தெரியும். அதை அந்தச் சனத்துக்கு எப்படிச் சொல்வது? டொக்டருக்கு ஏச வரவில்லை என்று சொன்னால் சிரிப்பார்கள். நான் நேரே சம்மாட்டியாரிடம் போனேன். "போறதுக்கு முன்னம் உந்தக் காலை ஒருக்கா டொக்டரிட்டைக் காட்டுங்கோ" என்றேன்.

"அதுக்கு இப்பவோ நேரம், பிள்ளை?"

"இப்பத்தான் நேரம். வாங்கோ."

உள்ளே கட்டை அவிழ்த்தேன். மணம் தாங்க முடியவில்லை. டொக்டர் எழுதிக் கொடுத்த களிம்பை எறிந்துவிட்டுச் சுண்ணாம்பும் புகையிலையும் குழைத்து அப்பியிருந்தார் அந்த மனிதர். நான் உள்ளுக்குள் கெஞ்சினேன். இதுக்காவது ஏசுங்கோ டொக்டர். ஒருக்கா எருமை எண்டு சொல்லுங்கோ.

டொக்டர் குனிந்து பார்த்தார். "கழுவிக் கட்டுவம், ஐயா" என்றார் மெதுவாக. தானே கழுவினார், தானே கட்டினார். பிறகு, "வந்து காட்டினதுக்கு நன்றி" என்றார். சம்மாட்டியார் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழும்பிப் போனார்.

வாசலில் சனம், "ஏசினாரோ, சம்மாட்டியார்?" என்று கேட்டது.

"இல்லை."

எல்லாருடைய கண்ணும் அவருடைய காலுக்குப் போனது.

"சுண்ணாம்பும் போயிலையும் வைச்சுக் கட்டினனான். அதைப் பார்த்திட்டு எனக்கு நன்றி சொல்லுது அந்த மனிசன்" என்றார் சம்மாட்டியார். "முதலிலை எனக்குத்தான் சாவு வந்திட்டுதெண்டு நினைச்சன். முகத்தைப் பார்த்த பிறகுதான் விளங்கினது. எனக்கில்லையடாப்பா, அவருக்கு. இனியும் மறிச்சு வைச்சமெண்டா அது எங்கடை கையாலை அவரைக் கொன்ற மாதிரித்தான். லொறியைத் திருப்புங்கோ."

லொறி திரும்பியது.

அவர் போவதற்கு முன்னிருந்த அந்தக் கடைசிக் கிழமையில் ஒரு காரும் ஹோண் அடிக்கவில்லை. யார் சொன்னார்கள், எப்போது பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. லேஞ்சி மட்டும் வெளியே பறக்கும். டொக்டர் படுத்திருக்கும் நேரமென்றால், வளைவில் எஞ்சினை நிற்பாட்டிவிட்டு, கூட வந்தவர்கள் இறங்கிக் குவாட்டர்ஸைக் கடக்கும்வரை காரைத் தள்ளிக்கொண்டு வருவார்கள். நோவில் முனகுகிற ஆளைக்கூட "உஸ், டொக்டர் படுக்கிறார்" என்று அடக்கினார்கள். கட்டாயம் அவர்தான் பார்க்கவேண்டும் என்றால் மட்டும் நான் போய்க் கதவைத் தட்டினேன். போகிற அன்று மீனும் பூசணிக்காயும் வெங்காயப் பின்னல்களுமாகக் காரில் அவர் இருக்க இடமில்லாமல் ஏற்றினார்கள். அவர் எல்லாருக்கும் மரியாதையாகக் கையெடுத்துக் கும்பிட்டார். அந்தக் கும்பிடு எனக்குப் பிடிக்கவேயில்லை.

பல வருசங்களுக்குப் பிறகு, எனக்குக் கலியாணமாகி, கோப்பாயில் இருந்தேன். கிணற்றடியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு வீங்கிப்போயிருந்தது. வீக்கத்துக்கு எண்ணெய் பூசி, துணியால் சுற்றிக்கொண்டு பிள்ளையைக் கூட்டி வரப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். தூரத்திலேயே ஒரு குரல் கேட்டது.

"காதுக்குள்ளை என்னடா இது, வெங்காயத் தோட்டமோ? இறைக்கிறது ஆர், உன்ரை அப்பரோ?"

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். என்னுடைய கால் ஓடாத குறை. ஜன்னலால் எட்டிப் பார்த்தேன். கதிரையில் அவர். தலை நரைத்துவிட்டது, கொஞ்சம் வயிறும் வைத்திருந்தது. மேசையில் ஆவி பறக்கிற தேத்தண்ணி. அதை எடுத்து ஒரு வாய் குடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார். என்னைக் கண்டார். என்னுடைய கையையும் கண்டார்.

"மிஸி! உதென்ன கோலம்? எண்ணெயோ பூசியிருக்கிறீர்? இவ்வளவு காலமும் என்னோடை நிண்டு என்ன மண்ணைப் படிச்சனீர்? அறிவு கெட்ட மனிசி, கையைக் கொண்டாரும் இஞ்சை!"

பிள்ளைகளுக்கு முன்னால் நின்று அழுதேன். நோகுதோ என்று ஒரு சின்னப் பெட்டை கேட்டாள். இல்லை ராசாத்தி என்றேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கட்டுப் போட்ட கையோடு பஸ் ஏறி மயிலிட்டிக்குப் போனேன். சம்மாட்டியார் முற்றத்தில் சாய்மனைக் கதிரையில் இருந்தார். கண் சரியாகத் தெரியாது, ஆனால் குரலில் என்னை மட்டுப்பிடித்துவிட்டார். நான் இருக்கவும் இல்லை.

"டொக்டரைக் கண்டனான்" என்றேன்.

அவர் கதிரைக் கையைப் பிடித்து நிமிர்ந்தார். "ஏசினாரோ, பிள்ளை?"

"ஏசினார்."

"என்னெண்டு? சொல்லு, ஒண்டும் விடாமல் சொல்லு."

மண்ணைப் படிச்சனீர் என்றதையும் அறிவு கெட்ட மனிசி என்றதையும் அப்படியே சொன்னேன். இன்னொருக்காச் சொல் என்றார். இன்னொருக்காச் சொன்னேன். அவர் சாய்ந்து, கண்ணை மூடி, இரண்டு கையையும் நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

"அம்மாளாச்சி! அப்ப மனிசன் தப்பியிட்டுது."